கரைநாட்டுக்குப் போற மவராசனுக்கு

வா கண்ணு, உக்காரு. வர்ற ஜூலைல ரெண்டு நாள் லீவு போட்டுட்டு மங்களூரு போறயாம்ல. கடல்ல குளிச்சு, மீன் தின்னு, ராத்திரி தெய்வம் எறங்கி ஆடற பூத கோலா பாத்து, அதைப் போன்ல புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டிட்டு, ஞாயித்துக்கெழமை பொழுதோட அக்ரஹாரம் வந்து சேந்துருவயாம். உங்கம்மா சொன்னா. பலே திட்டம். ஒரே ஒரு கொறைதான்: நீ சொன்னதுல ஒன்னு கூட அந்த மாசத்துல அங்க இருக்காது.

நம்ம மைசூருல வருசம் பூராப் பேயற மழை 800 மில்லிமீட்டரு சுமாரு. அங்க 3,500-க்கு மேல. அதுலயும் பெரும்பங்கு ஜூன், ஜூலைல கொட்டித் தீத்துரும். கடலு உன்னக் கால் நனைக்க உட்டாலே அதிர்ஷ்டம். மீனுன்னா, ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாதுன்னு சர்க்காரு தடை. உன் தட்டுல வந்து விழுகற மீனு உன்னையக் காட்டியும் நெறைய நாள் லீவுல, ஐஸ்ல படுத்துக் கெடந்ததாத்தான் இருக்கும்.

கோலா கதை அதை உடப் பெருசு. பத்தனாஜென்னு ஒரு நாள் இருக்குது. துளு மாசம் பேசாவுல பத்தாம் நாளு, நம்ம கணக்குக்கு மே மாசக் கடைசி. அன்னைக்கோட தெய்வத்துக்கு எடுக்கற நேமம், கோலா, ஊரூராப் போற யட்சகானக் கூத்துக் குழு, எல்லாம் மூட்டை கட்டியாச்சு. சலங்கையக் கழட்டி வெச்சா, பொதுவாத் தீவாளி கழிச்சுத்தான் மறுபடி கட்டுவாங்க. தெய்வமே லீவுல இருக்கற மாசமாப் பாத்து லீவு போடறதுக்கும் ஒரு மச்சம் வேணும் போ.

உனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்துதுன்னு தெரியும். 2022-ல வந்த அந்தக் காந்தாரா படம். அதப் பாத்துட்டுத் தியேட்டருக்குள்ளயே உறுமுனவன், வேசம் கட்டிட்டு வந்தவன், ஒருத்தன் ரெண்டு பேரா? படம் எடுத்தவங்களே, சாமி, வேண்டாம், தெய்வத்த வெளையாட்டாக்காதீங்கன்னு கேட்டுக்கற அளவுக்குப் போச்சு. நீ எந்த ரகம்னு நாங் கேக்கல. மொட்டை மாடில ராத்திரி நீ போட்ட சத்தத்துல எதுத்த வீட்டு நாயே பதில் சொல்லுச்சு.

ஆடற ஆளு ஆருன்னு தெரியுமா உனக்கு? பம்பத, பரவ, நலிகென்னு தாழ்த்தி வெச்சிருந்த சனம். பகல்ல பெரிய வீட்டுத் திண்ணைல ஏற உடாத ஆளு, ராத்திரி முகத்துல மஞ்சப் பூசி, தென்னங்குருத்து கட்டி நின்னுட்டான்னா, அந்த வீட்டு எசமானன் கையக் கட்டிட்டு நாயம் கேட்டுக்கோணும். வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை எல்லாத்துக்கும் அங்கதான் தீர்ப்பு. அதுக்கு நடுவுல நீ போன் வெளக்கப் போட்டுட்டு மூஞ்சிக்கு நேரா நிக்கறதுன்னா, கோர்ட்டுல ஜட்ஜு மடில ஏறி உக்கார்ற மாதிரி.

அங்கத்துத் தெய்வக் கதை இன்னொன்னும் கேளு. கார்க்களாவுல பாறை மேல 42 அடி கோமடேசுவரர் நிக்கறாரு. 1432-ல வீரபாண்டிய பைரவ அரசன் நிறுத்துனது. நீ போனா அவரு முட்டிக்குக் கீழ நின்னு பல்லக் காட்டி ஒரு படம் எடுப்ப. துளு சனம் அங்க வேற ஒன்னையும் நெனைச்சுக்கும். அவங்க பாட்டுல வர்ற கதை: செதுக்குன சிற்பி கல்குடன். இதே மாதிரி இன்னொன்னு எவனுக்கும் செஞ்சு குடுத்துரக் கூடாதுன்னு ராசா அவன் ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டிப் போட்டானாம். மிச்சமிருந்த ஒத்தக் கையாலயே அவன் வேணூருக் கோமடேசுவரர் சிலையச் செதுக்குனானாம். தங்கச்சி கல்லுர்ட்டி சும்மா உடல. அண்ணனும் தங்கச்சியும் தெய்வமாகி அந்த ராசாவ ஆட்டி வெச்சாங்க. இன்னைக்கும் கும்பிடு அந்த ரெண்டு பேருக்கு. சிலை வெச்ச ராசா பேரு கல்வெட்டுல கெடக்குது.

அப்பறம், "நான் மைசூரு"ன்னு அங்க போயி நெஞ்ச நிமித்தாத. நீ அவங்களப் பாக்கறது இதுதான் மொதல் தடவையா இருக்கும், அவங்க மைசூர எப்பவோ பாத்தாச்சு. மங்களூருப் போளூருல ஆத்துமொகத்துல கருங்கல்லுல ஒரு காவல் கோபுரம் நிக்குதே, சுல்தான் பத்தேரி, அது 1784-ல திப்பு சுல்தான் கட்டுனது. அதே வருசம் அந்தக் கரைக் கிறிஸ்தவங்களக் குடும்பம் குடும்பமாப் புடிச்சு, மலையேத்தி, நம்ம சீரங்கப்பட்டணத்துக்கு நடத்திக் கூட்டியாந்தாங்க. வழில செத்தவங்க நெறையப் பேரு. மிஞ்சுனவங்க 1799-ல திப்பு விழுந்த பொறவுதான் ஊரு பாத்தாங்க. நீ சீரங்கப்பட்டணத்துக்கு ஞாயித்துக்கெழமை போண்டா திங்கப் போற.

சித்தெ தலையத் தூக்கிப் பாரு. இந்த அக்ரஹாரத்துப் பழைய வீட்டு ஓடெல்லாம் என்ன ஓடு? மங்களூர் ஓடு. 1865-ல பாசல் மிஷன்காரங்க அங்க சூளை போட்டாங்க, அது நம்ம தலைக்கு மேல வந்து உக்காந்துக்குச்சு. நீ பொறந்ததுல இருந்து அந்த மண்ணுக்குக் கீழதான் தூங்கற, அந்த ஊரப் பத்திக் கேட்டா "பீச்சு, தாத்தா"ங்கற.

உள்ளாலம்னு கடலோரம் ஒரு ஊரு இருக்குது. பதினாறாம் நூத்தாண்டுல போர்ச்சுகீசியனுக்குத் தண்ணி காட்டுன ராணி அப்பக்கா ஆண்ட எடம். அங்கெல்லாம் அப்ப சொத்தும் பட்டமும் மருமக்கள் வழி. மாமன் பட்டம் அக்கா தங்கச்சி வயித்துப் புள்ளைக்கு. உன்னாட்டம் "எங்கப்பன் சொத்து"ன்னு கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கறவன் அந்தக் காலத்துல அங்க பொறந்திருந்தா, தாய்மாமனுக்குக் கால் புடிச்சிருக்கோணும்.

வழியச் சொல்றேன். ஹுன்சூரு, மடிக்கேரி, சம்பாஜே மலை எறங்குனா சுள்ளியா. 2018 ஆகஸ்டுல அந்த ரோடு சரிஞ்சு போனது ஞாபகம் இருக்கட்டும், மழைல அந்தப் பக்கம் போறவனுக்குப் புத்தி மட்டு. சுள்ளியாவுல சித்தெ வண்டிய நிறுத்து. ரப்பர்க் காட்டுல பால் வெட்டற சனத்துல தமிழ் கேக்கும். 1964-ல நம்ம சாஸ்திரியும் இலங்கைச் சிறிமாவோவும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்களே, அதுல இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து கப்பலேறி வந்த குடும்பங்க. லாரியோட நான் அந்தப் பக்கம் போறப்ப அவங்க லயத்து வீட்டுல டீத்தண்ணி குடிச்சிருக்கேன். மங்களூருல கன்னடம் வந்தாப் போதும்னு நெனச்சுக்கிட்டு எறங்காத. வீட்டுல துளு, கடைல கொங்கணி, துறைல பியாரின்னு பேசுவாங்க, உங்கிட்ட மட்டும் மரியாதைக்குக் கன்னடம் பேசுவாங்க.

லீவ மாத்திப் போட்டுக்க அப்புனு. தீவாளி கழிச்சுப் போ. படகு கடலுக்குப் போயிருக்கும், நேமம் தொடங்கியிருக்கும், கம்பளாப் பந்தயத்துக்கு எருமை ஓட ஆரம்பிச்சிருக்கும். கோலா நடக்கற எடத்துல செருப்பக் கழட்டி வெய்யி, போனப் பையில வெய்யி, எடுக்கலாமான்னு வீட்டுக்காரனக் கேட்டுட்டு எடு.