வங்கக் கடலுக்கு ஒரு 17(பி) குற்றக் குறிப்பாணை

பொருள்: கரையில் குளித்தவர்களையும் துடுப்புப் பலகை விட்டவர்களையும் அனுமதியின்றி இழுத்துச் சென்றது குறித்து விளக்கம் கோருதல்.

'இங்கே குளிக்கத் தடை' என்று மெரினாவில் பலகை நட்டிருக்கிறோம். தாங்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அலைகள் வரிசையாக உடையும் இடத்தில், நடுவே ஒரு துண்டை மட்டும் உடையாமல், சற்றுக் கருத்து, சாதுவாக வைத்திருக்கிறீர்கள். அலை இல்லாத இடம்தானே என்று பிள்ளைகள் அங்கேயே இறங்குகிறார்கள். கரையேறிய நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வழி அது. சில நேரம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடும். ஒலிம்பிக் வீரனே எதிர்த்து நீந்தினாலும் கரை சேர்வது சந்தேகம். கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் நீந்தினால் அந்த ஓட்டத்திலிருந்து வெளியேறிவிடலாம். இதைப் பலகையில் எழுதியிருக்கலாம்தான். 'மீறினால் கடும் நடவடிக்கை' என்பதற்கே இடம் தீர்ந்துவிட்டது.

அடுத்து, காற்றோடு தாங்கள் செய்த கூட்டுச் சதி. காலையில் மேற்கேயிருந்து தரைக்காற்று வீசும். காற்று அலை எழுப்ப நீர்ப்பரப்பில் தூரம் ஓட வேண்டும். கரையோரம் அந்தத் தூரம் கிடையாது. ஆகவே கரையருகே சுருக்கமே விழாமல் படுத்திருக்கிறீர்கள். வாடகைப் பலகையில் துடுப்போடு நிற்கும் பையன், தான் ரொம்ப நன்றாகத் துடுப்புப் போடுவதாக நினைத்துக்கொள்கிறான். திரும்பும்போதுதான் தெரிகிறது, இதுவரை தள்ளியது காற்று என்று. நிற்கிற உடம்பைக் காற்று இன்னும் பிடித்துத் தள்ளும். மண்டியிடு, படு, பலகையை மட்டும் விடாதே என்று அவனுக்கு யார் சொன்னது? வாடகை ரசீதில் அதற்குப் பத்தி இல்லை.

தென்மேற்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் (மீனவர் சொல்லில் 'வெள்ளம்') வடக்கே, வாடைக் காலத்தில் தெற்கே. இப்படித் திசை மாற முன்அனுமதி பெற்றீர்களா? மணலைத் தெற்கிலிருந்து சுமந்து வந்து மெரினாவில் கொட்டினீர்கள், ராயபுரத்தை அரித்தீர்கள். (குறுக்கே துறைமுகச் சுவர் கட்டியது நாங்கள்தான். விசாரணை தங்கள் மீது.)

தங்கள் உறவினர் அரபிக்கடல் மீதும் புகார் உண்டு. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். எங்கோ தென்கோடிப் பெருங்கடலில் கிளம்பிய நெடும் அலை, உள்ளூரில் புயல் ஏதும் இல்லாதபோது கரையேறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஐதராபாத்தின் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை அறிக்கையாக வந்தது. அந்த ஐந்து பேரின் காலடி வரை வரவில்லை. இந்த இடத்தில் கிண்டல் வரமாட்டேன் என்கிறது.

நீரின் நிறத்தையும் காற்றையும் பார்த்து, "இன்னிக்கு வெள்ளம் சரியில்லப்பா, எறங்காதே" என்று சொல்லக்கூடியவர் பக்கத்துக் குப்பத்திலேயே இருக்கிறார். அவர் வலையும் படகும் காட்சியைக் கெடுக்கின்றன என்று ஒதுங்கச் சொல்லியிருக்கிறோம். சென்னையை அடுத்த கோவளத்துக்கு 2021இல் நீலக்கொடி வாங்கிவிட்டோம் அல்லவா, கரை அழகாக இருக்க வேண்டும்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரவும்.

நகல்: குப்பத்து மீனவர்களுக்கு. ஆலோசனைக்கு அல்ல, உடலைத் தேடித் தர.