நெப்ராஸ்காவுக்காக ஒரு வேண்டுதல்

வெஸ்ட் லாஃபயெட், இந்தியானா
22 நவம்பர் 2022

அன்புள்ள அப்பாவுக்கு,

தபாலில் போட்டால் இது உங்கள் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தம்பியைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா கேட்டாள்: "கார்த்திகை மாசம் கறுப்புச் சட்டையில நிக்கிறியே, மாலை போட்டிருக்கியா? சொல்லவே இல்லையே!" அதற்குள் லைன் போய்விட்டது. மாலை போடவில்லை. கறுப்பும் பொன்னிறமும் எங்கள் பர்டியூ பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் நிறம். ஆனால் விரதத்தில் உள்ள சிரமம் எல்லாம் இதிலும் உண்டு. புண்ணியம் மட்டும்தான் இல்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் போன வருஷமே நான் சொல்ல, "கையால ஆடுறதுக்குப் பேரு கால்பந்தா?" என்று நீங்கள் சிரித்தாயிற்று. இப்போது சொல்லவந்தது பாயின்ட்ஸ் டேபிள். ஐபிஎல் வந்தால் தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் ரன் ரேட் கணக்குப் போடுகிற உங்களுக்கு இது ஒரே மூச்சில் விளங்கும்.

நாங்கள் இருப்பது பிக் டென் என்ற கூட்டமைப்பில். பெயரில் பத்து, உறுப்பினர்கள் 14. கலிஃபோர்னியாவிலிருந்து இன்னும் இரண்டு பேர் 2024-ல் சேரப்போகிறார்கள், அப்போதும் பெயர் பத்துதானாம். இதில் கிழக்கு, மேற்கு என்று ஏழேழாக இரண்டு பிரிவு. ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் போன்ற மலைகள் எல்லாம் கிழக்கில். மேற்கில் எங்களோடு இருப்பவர்கள் அயோவா, விஸ்கான்சின், நெப்ராஸ்கா வகையறா. பிரிவில் முதலில் வருகிறவர்கள் டிசம்பர் 3-ல் இண்டியானாபொலிஸில் மோதுவார்கள். அந்த இறுதி ஆட்டத்துக்கு பர்டியூ இதுவரை போனதே இல்லை. கூட்டமைப்புப் பட்டத்தைக் கடைசியாகத் தொட்டது 2000-ல், ட்ரூ ப்ரீஸ் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் எங்களுக்கு ஆடிய காலத்தில். அதுவும் பங்கு போட்டுக்கொண்ட பட்டம்.

சீசன் தொடங்கும்போது எங்களைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. முதல் ஆட்டமே பென் ஸ்டேட்டிடம் 35-31 என்று போனது. சிரக்யூஸில் கடைசி நிமிஷத்தில் முன்னிலை வந்தது, அதே நிமிஷத்தில் பறிபோனது. எங்கள் க்வார்ட்டர்பேக் எய்டன் ஓ'கானல் உதவித்தொகைகூட இல்லாமல் அணிக்குள் வந்தவர். அவர் எறிகிற பந்தில் பெரும்பங்கைப் பிடிக்கிற சார்லி ஜோன்ஸ் போன வருஷம் அயோவாவில் இருந்தவர். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு மின்னசோட்டாவையும் நெப்ராஸ்காவையும் இல்லினாயையும் சாய்த்துவிட்டோம். பெரிய அணிகளைக் கவிழ்ப்பது இவர்களுக்குப் பழக்கம்தான். 2018-ல் தேசத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டை 49-20 என்று அடித்தார்கள். சாதாரண அணியிடம் தோற்பதும் இவர்களுக்குப் பழக்கம்தான்.

இனி வாளி விஷயம். சனிக்கிழமை நாங்கள் இந்தியானா பல்கலைக்கழகத்தோடு ஆடுவது ஒரு வாளிக்காக. உருவகம் இல்லை அப்பா, கிணற்று வாளி. ஓக் மரத்தில் செய்தது, ஒரு பண்ணையில் கண்டெடுத்தது. 1925-லிருந்து ஜெயிக்கிறவர் அதை எடுத்துப்போகிறார். ஒவ்வொரு வருஷமும் ஜெயித்தவரின் முதல் எழுத்தை வெண்கலத்தில் செய்து வாளியின் சங்கிலியில் கோர்ப்பார்கள். முதல் வருஷ ஆட்டம் 0-0. அதற்காக வாளியைக் கொண்டுவந்தவர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு எழுத்தையும் சேர்த்தே கோர்த்துவிட்டார்கள். "அதில் தண்ணீர் நிற்குமா?" என்று லேபில் ஒருவனிடம் கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், கோயிலுக்குள் செருப்போடு போனது மாதிரி ஆகிவிட்டது. கயிறு எங்கே என்று கேட்க நினைத்ததை விழுங்கிவிட்டேன். இந்த வாளியாவது தேவலை. இல்லினாயை ஜெயித்தால் ஒரு பீரங்கி. அது இப்போது எங்களிடம். அயோவாவும் மின்னசோட்டாவும் ஒரு வெண்கலப் பன்றிக்காக அடித்துக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் உயிருள்ள பன்றியையே பந்தயம் வைத்தார்களாம். பொறியியல் படிக்க வந்த நான் ஆராய்ச்சிக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு வாளியின் வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். கைடுக்கு இது தெரிய வேண்டாம்.

கணக்குக்கு வருகிறேன். இதுவரை ஆடிய கூட்டமைப்பு ஆட்டங்கள் எட்டில் நாங்கள் ஐந்தில் ஜெயித்திருக்கிறோம். அயோவாவும் ஐந்து. சமமாக முடிந்தால், நேருக்கு நேர் ஆடியதில் யார் ஜெயித்தார் என்று பார்ப்பார்கள். அங்கேதான் இடி. நவம்பர் 5-ல் எங்கள் மைதானத்திலேயே அயோவா எங்களை 24-3 என்று துவைத்துவிட்டது. இந்த அயோவா, சீசனின் முதல் ஆட்டத்தில், இந்த ஆட்டத்தின் பெரிய ஸ்கோரான டச்டவுன் ஒன்றுகூட இல்லாமல் 7-3 என்று ஜெயித்த அணி! அன்றைக்கு அடித்த காற்றில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பக்கத்து இருக்கைப் பாட்டி ஒருத்தி தன் கம்பளியில் பாதியை என் மடியில் போட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டாள். இந்த ஊரில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். எனக்கு என்னமோ தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்கினேன்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் ப்ரோமின் ஆண்டுச் சம்பளம் நம் பணத்தில் 30 கோடிக்கும் மேல். என் ஸ்டைபெண்ட் உங்களுக்குத் தெரியும். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கிடையாது. போதாததற்கு நாளை மறுநாள் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. ஊரே காலி. மெஸ்ஸும் இல்லை, பேச்சுத்துணையும் இல்லை; நானும் குக்கரும்தான்.

ஆக, வெள்ளிக்கிழமை அயோவா தோற்க வேண்டும், சனிக்கிழமை நாங்கள் ஜெயிக்க வேண்டும். இரண்டாவது நடந்துவிடும். முதலாவதுதான் கஷ்டம். அயோவாவோடு ஆடப்போவது நெப்ராஸ்கா. ஒரு காலத்தில் ஐந்து முறை தேசிய சாம்பியன். இந்த வருஷம் 11 ஆட்டத்தில் 3 வெற்றி. பயிற்சியாளரைச் செப்டம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அயோவாவை 2014-க்குப் பிறகு ஜெயித்ததே இல்லை. போன மாதம் நாங்களே 43-37 என்று தோற்கடித்து அனுப்பியவர்களின் காலில் இப்போது நாங்களே விழ வேண்டியிருக்கிறது.

இறுதி ஆட்டத்துக்குப் போனாலும் என்ன, மிச்சிகனோ ஒஹாயோ ஸ்டேட்டோ காத்திருக்கும். இரண்டும் இன்னும் தோற்கவில்லை. இந்தக் கிழக்கு-மேற்குப் பிரிவு வந்த 2014-லிருந்து அந்த இறுதி ஆட்டத்தில் மேற்கு ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. நாங்களும் அடி வாங்குவோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் இண்டியானாபொலிஸ் காரில் ஒரு மணி நேரம்தான்; போய் அடி வாங்கிவிட்டு வரலாம்.

ஒரு உதவி அப்பா. முழங்கால் வலியோடு உச்சிப்பிள்ளையார் மலை ஏற வேண்டாம். கீழே மாணிக்க விநாயகரிடம் ஒரு சிதறுதேங்காய் போட்டால் போதும். பெயரை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: நெப்ராஸ்கா. பாசத்தில் பர்டியூ என்று சொல்லிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை ஆடுவது அவர்கள்தான்.

அன்புடன்,
உங்கள் மகன்