பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதாதா?

மதுரையைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் மனை விளம்பரம் கண்ணில் படும். "5 சென்ட், கிழக்குப் பார்த்த மனை, ரிங் ரோட்டிலிருந்து ஐந்தே நிமிடம்." அந்த ஐந்து நிமிடம் எந்த வண்டியில் என்பது தரகருக்கே வெளிச்சம். சென்ட் கதைக்கு வருவோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 1620-இல் நிலம் அளக்க 66 அடியில் ஒரு சங்கிலி செய்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். கிரிக்கெட் பிட்சின் நீளமும் சரியாக ஒரு சங்கிலிதான். அஸ்வின் விக்கெட் எடுத்ததும், நம் பங்காளிகள் வரப்புக்காக மண்டையை உடைத்துக்கொண்டதும் ஒரே சங்கிலியில்!

சங்கிலி இருக்கட்டும், அளந்தவர்களைப் பார்ப்போம். இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் காலின் மெக்கன்சி. 1815-இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் 1783-இல் கப்பலேறி வந்த புதிதில் அவர் மதுரைக்கு வந்த காரணத்தைக் கேட்டால் பிளஸ் டூ மாணவர்கள் அடிக்க வருவார்கள். லாகரிதம்! அதைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வாழ்க்கையை எழுத அவருடைய பரம்பரையினருக்கு ஆசை. இந்துக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா என்று விசாரிக்கும் வேலை மெக்கன்சிக்கு. அந்தக் குடும்பத்துப் பெண் ஹெஸ்டர், கணவர் ஜான்ஸ்டனோடு அப்போது மதுரையில் இருந்தார். அவர்தான் உள்ளூர்ப் பண்டிதர்களை மெக்கன்சிக்கு அறிமுகம் செய்துவைத்தார். லாக் டேபிள் தேடி வந்த மனுஷனுக்குப் பழஞ்சுவடிப் பித்து பிடித்தது.

பித்து என்றால் சும்மா இல்லை. 8,076 கல்வெட்டு நகல்கள், 6,218 நாணயங்கள், மூட்டை மூட்டையாக ஓலைச்சுவடிகள். இத்தனைக்கும் ஐயாவுக்கு நம் மொழி ஒன்றும் உருப்படியாக வராது. காவலி வெங்கட போரையா, லட்சுமய்யா என்ற தெலுங்குச் சகோதரர்கள் ஊர் ஊராக அலைந்து, படித்து, பெயர்த்துக் கொடுத்தார்கள். 1816-இல் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியத்தைப் பாருங்கள். நடுவில் சிவப்புக் கோட்டில் ஜம்மென்று மெக்கன்சி; சுற்றிலும் உதவியாளர்கள். குரூப் போட்டோவில் மேனேஜர் எங்கே நிற்பார் என்பது அன்றே முடிவாகிவிட்டது.

இன்னொருவர் வில்லியம் லாம்டன். 1802-இல் பரங்கிமலை அடிவாரத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து, நாட்டையே முக்கோணம் முக்கோணமாக நறுக்கக் கிளம்பியவர். மேப் போடுகிறேன் என்று கம்பெனியிடம் பணம் வாங்கினார். உள்ளுக்குள் ஆசை பூமியின் வளைவை அளப்பதில். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒன்று, மனதில் ஒன்று! சென்னையின் நிதிக் குழுவில் ஒருவர் சீறினாராம்: "ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதுமே, கொண்டுபோய் விடுவானே, மேப் எதற்கு?" நியாயமான கேள்விதான். பதில்தான் ரொம்பச் செலவு பிடித்தது.

லாம்டன் கோணம் அளந்த கருவி தியோடலைட், அரை டன் எடை. லண்டனிலிருந்து வரும் வழியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பாராட்டுக் கடிதம் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். எதிரியிடமிருந்து பத்திரமாக வந்த சாமான் நம் கயிற்றிடம் மாட்டியது. தூரம் பார்க்க உயரம் வேண்டும்; தஞ்சைச் சமவெளியில் குன்று ஏது? கோபுரம்தான் குன்று. 1808-இல் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கியது. யோசித்துப் பாருங்கள், அது யார் கட்டிய கோயில்? சோழ நாடு முழுவதையும் கோல் போட்டு அளந்து, முந்திரி, கீழ்முந்திரி என்று பின்னத்துக்குள் பின்னமாக வரி எழுதிய ராஜராஜன் கட்டியது. சீனியர் சர்வேயர் வீட்டு மாடியில் ஜூனியர் அனுமதி கேட்காமல் ஏறலாமா? லாம்டன் யாரையும் குறை சொல்லவில்லை. கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆப்பு, திருகாணி, கப்பி என்று ஆறு வாரம் அதைத் தட்டி நிமிர்த்தினார். அப்புறம் அதே கருவியோடு வேலையைத் தொடர்ந்தார்!

சரி, இவ்வளவு அளந்த மெக்கன்சிக்கோ லாம்டனுக்கோ நம் மதுரையில் ஒரு தெரு உண்டா? பேருக்குக்கூட இல்லை. கிடைத்தது யாருக்குத் தெரியுமா? 1837-க்குப் பிறகு கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். "நீயே இடி, நீயே தூர், இடத்தை நீயே வைத்துக்கொள்" என்று ஜனங்களுக்கு ஆசை காட்டினார். நாயக்கர் கோட்டை கரையக் கேட்க வேண்டுமா? பிறந்த புதுத் தெருக்களில் ஒன்றுக்கு அளந்த சர்வேயர் மாரட்டின் பெயர், இன்னொன்றுக்கு வேலை வாங்கிய பெருமாள் மேஸ்திரியின் பெயர். கலெக்டருக்கு ஒரு விளக்குத்தூண். நானே வெகுகாலம் மாரட் வீதியை மராட்டியர் வீதி என்றுதான் நினைத்திருந்தேன். பாவம் மாரட், தெருவை வாங்கியும் பெயரைத் தொலைத்தார்.

போன மாதம் அதே மாரட் வீதியில் போனில் மேப்பைப் போட்டுக்கொண்டு ஒரு கடையைத் தேடினேன். நீல அம்பு என்னை மூன்று தடவை ஒரே பாத்திரக்கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. பார்த்துக்கொண்டே இருந்த ஆட்டோக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"போனை உள்ள வைங்கண்ணே. எங்க போகணும்னு வாயால சொல்லுங்க."