ரப்பர் தொடாத மலை

ஒரு நாட்டுக்கு விடுதலை வரப்போகிறதா? கொடி தைப்பவரைப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம். முதலில் வேண்டியது, பேனாவும் அழிரப்பருமாக ஒரு சட்டத்துறை குமாஸ்தா. 'மன்னர்' என்று இருக்கும் இடத்தையெல்லாம் அழித்து 'அரசு' என்று எழுதிவிட்டால் சுதந்திரம் தயார். இந்த வேலைக்குத் தழுவல் ஆணை என்று பெயர். டெல்லியில் 1947இல் ஒன்று போட்டார்கள், 1950இல் இன்னொன்று. 1997இல் ஹாங்காங் சீனாவின் கைக்குப் போனபோதும் இதே ரப்பர்தான்.

அந்த ரப்பர் எதைத் தொடவில்லை என்பதில்தான் ருசி. 1908இல் வ.உ.சி.யைச் சிறைக்கு அனுப்பிய 124அ பிரிவில் மன்னரை மட்டும் பத்திரமாக எடுத்துவிட்டார்கள். பிரிவு உயிரோடு இருந்தது. கூடங்குளம் அணு உலை வேண்டாம் என்ற இடிந்தகரைக்காரர்கள் ஆயிரக்கணக்கானோர்மேல் அதே தேசத்துரோகப் பிரிவு பாய்ந்தது. வெள்ளைக்காரன் தலைவர்களைத் தேடிப் பிடித்தான். நம்மவர்கள் மொத்த ஊர்மேலும் வழக்குப் போட்டார்கள். நாடு முன்னேறவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரப்பர் தொடாததில் இன்னொன்று நிலம். இடிந்தகரையிலிருந்து வடமேற்கே போய் மலையேறினால் பொன்முடி. இது பழைய திருவிதாங்கூர்ச் சீமை. பிரிட்டிஷ் கொடி நேரடியாகப் பறக்காத இடம். திவான் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தார். ஜூலை 25இல் வெட்டுப்பட்டார். அடுத்த சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. 1949 ஜூலையில் திருவிதாங்கூர்-கொச்சி. மகாராஜா அதே அரண்மனையிலிருந்து, ஆளுநருக்குச் சமமான ராஜப்பிரமுகர் ஆனார். 1950இல் 'பி' பிரிவு மாநிலம், 1956இல் கேரளம். பத்து ஆண்டுக்குள் நாலு தடவை பெயர்ப்பலகை எழுதினார்கள். பலகை மாறினாலும் பழைய சட்டம், மாற்றும்வரை அப்படியே நீடிக்கும் என்று ஒரு வரி. அரசியல் சாசனத்தில் அது 372ஆம் பிரிவு, மாநிலச் சீரமைப்புச் சட்டத்தில் 119. மாற்றும்வரை என்றால் எதுவரை? அதை யாரும் எழுதவில்லை; கேட்கவும் இல்லை.

பிறகு புரட்சி வந்தது. 1963இன் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 1970 ஜனவரி 1 முதல் ஜன்மி என்ற நிலவுடைமை முறைக்கு முடிவு. நாடே புகழ்ந்தது. அதில் 81ஆம் பிரிவு என்று ஒரு சின்னச் சந்து: தோட்டங்களுக்கு உச்சவரம்பு இல்லை. ஏழு ஏக்கர் குடியானவன் சட்டத்துக்குப் பயந்து அளந்துகொண்டிருந்தபோது ஏழாயிரம் ஏக்கர்க் கம்பெனி தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. 1947க்கு முன் அந்நியக் கம்பெனிகள் வைத்திருந்த தோட்ட நிலம் சுதந்திரத்தோடு அரசுக்கு வந்திருக்க வேண்டும் என்று ராஜமாணிக்கம் என்ற அதிகாரி அறிக்கை கொடுத்தார். 2018இல் உயர் நீதிமன்றம் அவர் எடுத்த நடவடிக்கையை ரத்து செய்தது. நிலம் யாருடையது என்று தீர்மானிக்கத் தனி அதிகாரிக்கு உரிமை இல்லையாம், சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டுமாம். உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. சுதந்திரம் கிடைத்து 71 வருஷம் ஆன பிறகு அரசாங்கம், 'இந்த மலை என்னுடையதா?' என்று வாதியாக நின்று கேட்கிறது. இத்தனை நிதானமான அரசாங்கத்தை உலகம் கண்டிருக்காது.

பொன்முடிக்குப் பக்கத்தில் போனக்காடு. தேயிலை ஆலை பூட்டி வருஷக்கணக்காகிறது. இயந்திரங்கள் துருப்பிடித்துவிட்டன. அந்தக் காலத்தில் துரை கட்டிய பங்களாவில் பேய் உலவுகிறதாம். அதைப் பார்க்க சனி, ஞாயிறுகளில் பைக்கில் கூட்டம் போகிறது. கொஞ்சம் தள்ளி லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள், தமிழ்க் குடும்பங்கள், ஒழுகும் கூரை, வராத சம்பளம். அவர்களைப் பார்க்க மட்டும் யாரும் பைக் எடுப்பதில்லை. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடு என்றது. வீடு கொடுத்தார்கள், நிலம் கொடுக்கவில்லை. வேலையை விட்டால் கூரையும் போய்விடும். 2020இல் பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்தோடு 70 பேரைக் கொண்டுபோனதே, அவர்களுக்கும் காலடி மண் சொந்தமில்லை.

பேய் பார்க்கப் போகும் தம்பிகளே, திரும்பும்போது லயத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பணிக்கொடை பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். கேட்ட தொகையை உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு எழுதிப் போடுங்கள்.