பொன்னாடைக்குக் குறைவில்லை

பண்டிகை நாளில் தமிழ்க் கவிஞரை நினைத்துப் பார்த்த தொலைக்காட்சி என்று ஒன்றைச் சொல்வதானால், அது அரசுத் தொலைக்காட்சிதான். தனியார் அலைவரிசைகள் பொங்கலன்று நடிகர்களை உட்கார வைத்துப் படப்பிடிப்பு அனுபவம் கேட்டுக்கொண்டிருந்தபோது, சென்னைத் தூர்தர்ஷனின் பொதிகை கவிஞர்களை வரிசையாக உட்கார வைத்துக் கவியரங்கம் நடத்தியது. இந்தப் பாராட்டை மனமாரச் சொல்கிறேன்.

மரியாதையிலும் ஒரு குறை சொல்ல முடியாது. குத்துவிளக்கு எரிகிறது, கரும்பும் பானையும் இருக்கின்றன. தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் அவரவர் பெயரிலேயே சிலேடை வைத்து, எதுகை தட்டாமல் அழைக்கிறார். வந்தவர் தமிழை வணங்குகிறார், தலைமையை வணங்குகிறார், உடன் பாட வந்தவர்களை வணங்குகிறார், எதிரே இருப்பவர்களை வணங்குகிறார். பிறகு கொடுத்த தலைப்பு. அடிக்கு இரண்டு வாசிப்பு: முதலாவது காதுக்கு, அடுத்தது கைதட்டலுக்கு. கைதட்டல் எங்கே விழும் என்று ஒளிப்பதிவாளருக்கு முன்பே தெரிகிறது. சரியாக அந்த நொடியில் முன்வரிசை முகங்களுக்குப் போய்விடுகிறார். யாருக்கும் எதுவும் புரியாமல் போவதில்லை. யாரையும் எதுவும் தொந்தரவு செய்வதில்லை. கவிதையை இவ்வளவு பத்திரமாக நேயர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிய காரியம் அல்ல.

கவியரங்கம் என்ற வடிவத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. திராவிட இயக்க மேடைகளில் அது நேருக்கு நேர் அரசியல் பேசியது. அண்ணா மறைந்த 1969இல் கருணாநிதி வானொலியில் வாசித்த கவிதாஞ்சலியைக் கேட்டவர்கள் இன்றும் நெகிழ்ந்து சொல்வார்கள். அது காதுக்கென்று எழுதப்பட்ட கவிதை. காதைப் போய்ச் சேர்ந்தது. வரிக்கும் வரிக்கும் நடுவில் பேசாமல் நிற்கிற கவிதை ஒன்றும் தமிழில் இருக்கிறதே, அதற்கு என்ன கிடைத்தது?

டெல்லியில் தூர்தர்ஷன் பிறந்ததும் அந்தக் கவிதைக்கு இடம் கொடுத்த சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் பிறந்ததும் ஒரே ஆண்டில், 1959இல். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறந்தது 1975 ஆகஸ்ட் 15. அந்தக் கவிதையை எழுதியவர்களில் ந. பிச்சமூர்த்தி அன்றைக்கு உயிரோடு இருந்தார். ஆத்மாநாமுக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. பிரமிள் 1997 வரை இருந்தார், செல்லப்பா 1998 வரை, ஞானக்கூத்தன் 2016 வரை. ஞானக்கூத்தன் நெடுங்காலம் குடியிருந்த திருவல்லிக்கேணியிலிருந்து, நிலையம் இருக்கிற சுவாமி சிவானந்தா சாலைக்கு நடந்தே போய்விடலாம். இவர்களில் ஒருவரேனும் அவசரமில்லாமல் உட்கார்ந்து தன் கவிதைகளை வாசித்து, அவற்றைப் பற்றிப் பேசிய ஒரு முழு அரைமணி நேரம் நிலையத்தின் கையில் இருந்தால், வருகிற பொங்கலுக்கு அதை ஒளிபரப்பட்டும். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதியை நானே அடித்துவிடுகிறேன்.

அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அங்கே எல்லாம் நெய் பூசி, மாலை சூட்டி, மினுக்கென்று இருந்தன. ஔவை அதைப் பாராட்டிய பாட்டுதான் புறநானூற்றின் 95ஆம் பாடல். எனக்கும் நம் நிலையத்தைப் பாராட்டத் தோன்றுகிறது. வெளிச் சத்தம் உள்ளே வராத ஒலிக்கூடம் அங்கே இருக்கிறது. கவிதை வாசிக்கத் தமிழ்நாட்டில் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ழகரத்தையும் ளகரத்தையும் பிசகாமல் சொல்லும் மரபு இருக்கிறது. ஷோபனா ரவி செய்தி வாசித்த காலத்தில் அதைக் கேட்டு உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட வீடுகள் உண்டு. ‘வயலும் வாழ்வும்’ நடத்திய பொறுமை இருக்கிறது. ஒரு பூச்சி எப்படி நெற்பயிரைத் தின்கிறது என்று நிதானமாக விளக்கிய நிலையத்துக்கு, ஒரு கவிதை எப்படி மனதுக்குள் போகிறது என்று விளக்க நேரம் இருக்காதா? சந்தா கட்ட முடியாத வீடு வரைக்கும் போகிற அலைவரிசை அது. விளம்பரதாரர் முகம் சுளித்தால் கதவைச் சாத்த வேண்டிய கட்டாயமும் தனியாருக்கு இருக்கிற அளவுக்கு இல்லை. சட்டம்கூடத் துணை நிற்கிறது: 1990இல் இயற்றப்பட்டு 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டம், வட்டாரங்களின் பல்வேறு பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் போதுமான இடம் தருவதை ஒரு கடமையாகவே எழுதிவைத்திருக்கிறது. குறையொன்றும் இல்லாத கொட்டில்.

கவிஞரோடு உரையாடும் நிகழ்ச்சிகளும் பண்பு குறையாதவை. தொகுப்பாளர் நூலைக் கையில் ஏந்தி அட்டையைக் காட்டுகிறார். எப்போதிலிருந்து எழுதுகிறீர்கள், உங்களைப் பாதித்தவர் யார், இளைஞர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று விசாரிக்கிறார். எந்தக் கவிஞரிடமும் கேட்கத்தக்க கேள்விகள். நூலைத் திறக்காமலே கேட்க முடிந்தவை. நாற்பத்தேழாம் பக்கத்தில் இந்த வரியை ஏன் பாதியில் முறித்தீர்கள் என்று கேட்டு விருந்தாளியைச் சங்கடப்படுத்துவதில்லை. அந்தச் சங்கடத்துக்காகத்தான் கவிஞர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார் என்பதை மட்டும் யாரும் தொகுப்பாளருக்குச் சொல்லவில்லை போலும்.

கவிஞர்களின் பெருந்தன்மையையும் சொல்லாமல் விடக் கூடாது. சாதியையும் உடலையும் சாவையும் அஞ்சாமல் எழுதியவர்கள்கூட, அழைப்பு வந்ததும் கொடுத்த தலைப்புக்கு எதுகை தேடி எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். தொகுப்பில் உள்ளதைத்தான் வாசிப்பேன், ஒரு முறைதான் வாசிப்பேன் என்று அடம்பிடித்து நிகழ்ச்சியைக் கெடுப்பதில்லை. இப்படி ஒத்துழைக்கிறவர்களை வைத்துக்கொண்டு ஒரு நிலையம் தன் வழக்கத்தை ஏன் மாற்ற வேண்டும்?

நான் கேட்பது அரைமணி நேரம். ஒரே கவிஞர், நான்கைந்து கவிதைகள், எதிரே அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்த ஒருவர். பொன்னாடையை அடுத்த பொங்கலுக்கு எடுத்துவைத்துக்கொள்ளலாம்.