ஆஹாவும் அட்வான்ஸும்: மறுவடிவம் பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்களின் விற்பனையை முன்கூட்டிக் கணித்தல் குறித்து ஓர் ஆய்வு

கார் என்பது ஓரிடத்திலிருந்து வேறிடம் போக உதவும் ஊர்தி. ஸ்போர்ட்ஸ் கார் என்பது போகவேண்டிய இடம் ஒன்றும் இல்லாதபோதும் ஏறி உட்காரத் தோன்றும் ஊர்தி. இதில் இருவர் அமரலாம்; மூன்றாமவர் வாசலில் நின்று வழியனுப்பலாம். ஃபோர்டின் மஸ்டாங் காரில் நால்வர் அமரலாமே, அது எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும் என்று வாதிடுவோர் உண்டு. அதன் பின்னிருக்கையில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டு அவர்கள் வாதிடுவார்களாக.

இத்தகைய காரின் பழைய உருவத்தைக் களைந்து புதிய உருவம் கொடுத்து ஒரு நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவருகிறது. முதலாண்டில் எத்தனை விற்கும்? இதுவே நம் ஆய்வு வினா. அரிசி எவ்வளவு விற்கும் என்றால் சொல்லிவிடலாம். வயிறுகளை எண்ணினால் போதும். யாருக்கும் அவசியமில்லாத, ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற பொருளுக்கு எதை எண்ணுவது? இதுவரை கணித்தவர்கள் திரும்பிய தலைகளை, அதாவது 'ஆஹா'க்களை எண்ணினார்கள். எண்ணியிருக்க வேண்டியது அட்வான்ஸை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பதே இம்முயற்சி. ஆய்வின் எல்லை நிலத்தால் அமெரிக்கா, காலத்தால் 1953 முதல் 2023 வரை, பொருளால் பெரும்பாலும் செவ்ரலேயின் கார்வெட், ஃபோர்டின் மஸ்டாங் என்னும் இரண்டு. இத்தாலி ஒரு பத்திக்கு வந்துபோகும்.

முன்னோர் முடிபுகளை முதலில் பார்த்துவிடலாம். 1969இல் ஃபிராங்க் பாஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், புதுப்பொருள் வாங்குவோரை இருவகையாகப் பிரித்தார்: தாமாகத் துணிந்து வாங்குவோர், பிறர் வாங்கியதைப் பார்த்து வாங்குவோர். இருவகைக்கும் ஒவ்வொரு குணகம் கொடுத்து ஒரு சமன்பாடு எழுதி, வண்ணத் தொலைக்காட்சியின் விற்பனை எப்போது உச்சம் தொடும் என்றுகூடக் கணித்துக் காட்டினார். தொலைக்காட்சிக்கு அது சரி. பக்கத்து வீட்டில் டிவி வந்தால் எதிர்வீட்டிலும் டிவி வரும். பக்கத்து வீட்டில் சிவப்புக் கார்வெட் வந்தால் எதிர்வீட்டில் வருவது கார்வெட் அன்று, வயிற்றெரிச்சல். அதற்கான குணகம் பாஸின் சமன்பாட்டில் இல்லை.

செய்தித்தாள் விற்பவர் கணக்கு என்று இன்னொன்றும் உண்டு. குறைவாக எடுத்துவைத்தால் கைநழுவும் லாபம், அதிகமாக எடுத்துவைத்தால் தேங்கிப்போகும் நஷ்டம், இரண்டையும் நிறுத்துப் பார்த்து எத்தனை பிரதி எடுப்பது என்று முடிவுசெய்யும் கணக்கு. மிஞ்சிய தாளைப் பழைய பேப்பர் கடையில் போடலாம் என்பது அதற்குள் ஒரு சின்ன ஆறுதல். மிஞ்சிய ஸ்போர்ட்ஸ் காரை என்ன செய்வது? 1954இல் செவ்ரலே நிறுவனம் கண்ட விடை: நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது.

நடந்தது இது. 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் கார்வெட் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. பார்க்கக் கூட்டம் நெரிந்தது. ஆஹா உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டே ஃபிளின்ட் நகரில் 300 கார்களை ஏறக்குறையக் கையாலேயே செய்து முடித்தார்கள். எல்லாம் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அடுத்த ஆண்டு செயின்ட் லூயிஸில் வருடத்துக்குப் பத்தாயிரம் செய்யுமளவுக்கு ஏற்பாடு ஆயிற்று. செய்தது 3,640. ஆண்டு முடிவில் ஆயிரத்துக்கும் மேல் விலைபோகாமல் நின்றன. 1955இல் செய்தது 700தான்.

ஆஹா சொன்னவர்கள் எங்கே போனார்கள்? அவர்கள் காரை அருகில் போய்ப் பார்த்தார்கள். கதவுக்கு வெளிப்புறம் கைப்பிடி கிடையாது. ஜன்னல் திரையை விலக்கி உள்ளே கையைவிட்டுத் துழாவித்தான் திறக்க வேண்டும். ஏற்றி இறக்கும் ஜன்னல் கண்ணாடி கிடையாது. அதற்குப் பதிலாகப் பொருத்திக் கழற்றும் பக்கத்திரை. இரண்டே இரண்டு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். விலை 3,498 டாலர். அவ்வளவு பணத்தைக் கொடுத்துவிட்டு மழையில் நனைய ஒரு குறிப்பிட்ட மனநிலை வேண்டும். அது பத்தாயிரம் பேருக்கு ஒரே ஆண்டில் வாய்ப்பது அரிது. 1955 மாதிரியாக ஃபோர்டு கொண்டுவந்த தண்டர்பேர்டில் கண்ணாடி ஏறி இறங்கியது. அது 16,155 விற்றது.

ஃபோர்டு அத்தோடு நிற்கவில்லை. 1958இல் தண்டர்பேர்டுக்கு மறுவடிவம் கொடுத்துப் பின்னால் ஓர் இருக்கை வைத்தார்கள். ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஸ்போர்ட்ஸ் காரின் தூய்மை போயிற்று என்றார்கள். முந்தைய ஆண்டு 21,380 விற்ற கார் அந்த ஆண்டு 37,892 விற்றது. இதனின்று நாம் பெறும் முதல் விதி: ஸ்போர்ட்ஸ் காரின் பின்னிருக்கை மனிதர் உட்காருவதற்கு அன்று, வீட்டில் சொல்வதற்கு. 'நாலு பேர் போகலாமே' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லமுடிகிற கார், சொல்லமுடியாத காரைவிட மிகுதியாக விற்கும்.

மஸ்டாங்குக்கு வருவோம். இவ்வியலின் மூல ஆவணம், மஸ்டாங் வந்தபோது ஃபோர்டில் அதிகாரியாக இருந்த லீ ஐயகோக்கா 1984இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இருக்கிறது. கார் வெளிவருமுன் டெட்ராய்ட் பக்கத்து 52 தம்பதிகளை ஃபோர்டின் வடிவமைப்புக் கூடத்துக்கு அழைத்தார்கள். நடுத்தர வருமானம், ஏற்கெனவே வீட்டில் ஒரு சாதாரண கார். சிறுசிறு குழுக்களாக உள்ளே வந்து பார்த்தார்கள். பிடித்திருக்கிறதா? பிடித்திருக்கிறது. என்ன விலை இருக்கும்? ஏறக்குறைய எல்லாரும் உண்மை விலைக்கு மேல் ஆயிரம் டாலராவது கூட்டியே சொன்னார்கள். வாங்குவீர்களா? அங்கேதான் சுருதி இறங்கியது. விலை கட்டாது, சின்னதாக இருக்கிறது, ஓட்டச் சிரமம் என்று ஆளுக்கொன்று. பெண் பார்க்கப் போன இடத்தில் சொஜ்ஜி பஜ்ஜியெல்லாம் சாப்பிட்டு முடித்து, 'எல்லாம் திருப்தி, ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்று எழுந்துகொள்ளும் மாப்பிள்ளை வீட்டார் நிலையில் இருந்தார்கள் 52 ஜோடியும்.

பிறகு விலையைச் சொன்னார்கள். 2,500 டாலருக்கும் கீழே.

கார் மாறவில்லை. அதே நீளம், அதே பின்னிருக்கை, அதே ஸ்டியரிங். மாறியது மறுப்புகள் மட்டும், ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதை வாசலில் நிறுத்தினால் அக்கம்பக்கத்தார் நமக்குப் பணம் கொட்டிவிட்டதாக நினைப்பார்கள் என்று ஒருவர் அங்கேயே கணக்குப் போட்டார். வயிற்றெரிச்சல் குணகம், அடைபவர் தரப்பிலிருந்து அன்றி அடையச் செய்பவர் தரப்பிலிருந்து, வெளிப்படையாகப் பேசப்படும் இடம் இது. அறிஞர்கள் இதைக் கடந்துபோனது வியப்பே.

1964 ஏப்ரல் 17 அன்று மஸ்டாங் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதலாண்டுக்கு ஒரு லட்சம் என்பது கணிப்பு. முதல் நாளே 22,000 ஆர்டர்கள் வந்தன. டெக்சாஸின் கார்லண்ட் நகரில் ஷோரூமில் இருந்த ஒரே காருக்குப் பதினைந்து பேர் போட்டியிட, விற்பனையாளர் அதை ஏலம்விட்டார். ஏலத்தில் எடுத்தவர், தம் செக் பாஸாகும்வரை வேறெவருக்கும் விற்றுவிடக் கூடாது என்று இரவெல்லாம் அந்தக் காருக்குள்ளேயே தூங்கினார். அட்வான்ஸ் கொடுத்தவருக்கும் ஆஹா சொன்னவருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தரவு நம் சேகரிப்பில் இல்லை. டியர்பார்ன் ஆலை போதாமல் சான் ஹோசேயிலும் மெடுச்சனிலும் மஸ்டாங் செய்தார்கள். ஃபோர்டின் இன்னொரு காரான ஃபால்கன் முதலாண்டில் 4,17,174 விற்றுச் சாதனை வைத்திருந்தது. அதை ஏப்ரல் 17க்குள், அமெரிக்க முறையில் எழுதினால் 4/17க்குள், தாண்டவேண்டும் என்று ஐயகோக்கா குழுவினர் கோஷமே வைத்துக்கொண்டார்கள். தாண்டினார்கள்: 4,18,812.

ஒரு லட்சம் என்று கணித்தது நான்கு லட்சத்துக்கு மேல் போனால் அந்தக் கணிப்பு நான்கு மடங்கு பிழை. ஆனால் அதை எவரும் பிழை என்று சொல்வதில்லை, மேதைமை என்கிறார்கள். இதே நிறுவனம் ஏழாண்டுக்கு முன் எட்செல் என்று ஒரு காரை, வாங்குவோர் மனத்தையெல்லாம் துருவி ஆராய்ந்து வெளியிட்டது. பெயர் சூட்டுவதற்கு மேரியன் மூர் என்னும் பெருங்கவிஞரையே அணுகினார்கள். அவர் அனுப்பிய பட்டியலில் 'உட்டோபியன் டர்டில்டாப்' இருந்தது. அதை விட்டுவிட்டு முதலாளி குடும்பத்துப் பெயரை வைத்தார்கள். முதலாண்டில் இரண்டு லட்சம் போகும் என்று எதிர்பார்த்த கார் அதில் மூன்றிலொரு பங்கைக்கூட எட்டவில்லை. இரண்டும் மூன்று மடங்குக்கு மேல் தவறிய கணிப்புகள்தாம். ஒன்றின் பிழை மேல்நோக்கி, மற்றதன் பிழை கீழ்நோக்கி. பதவி உயர்வு திசையைப் பொறுத்தது.

அடுத்து வருவது இத்துறையில் எவரும் நேருக்குநேர் பார்க்க விரும்பாத தரவு. ஆண்டுக்கு ஆண்டு பெருத்துவந்த மஸ்டாங்கை 1974 மாதிரிக்காகச் சுருக்கினார்கள். மஸ்டாங் இரண்டு என்று பெயர். வி-8 இன்ஜின் அறவே கிடையாது. நான்கு சிலிண்டர் அல்லது ஆறு. இன்றுவரை மஸ்டாங் அன்பர்கள் அதைப் பற்றிப் பேச நேர்ந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அது 3,85,993 விற்றது. முந்தைய ஆண்டின் மாட்டுபலம் கொண்ட பெரிய மஸ்டாங் விற்றது 1,34,867. காரணம் வடிவமைப்பு மேசையில் இல்லை. 1973 செப்டம்பரில் கார் கடைக்கு வந்தது. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்கில் வரிசை நீண்டபோது அந்தக் குட்டி இன்ஜின் திடீரென்று அழகாகத் தெரிந்தது. அன்பர்கள் கேட்டார்களே என்று 1975இல் வி-8ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு விற்றது 1,88,575. அமெரிக்கப் பொருளாதாரமே அப்போது படுத்துக்கிடந்ததால் பழியை முழுக்க இன்ஜின்மேல் போடுவது முறையன்று. ஆயினும் கேட்டவர்கள் பெரிதாக வந்து வாங்கவில்லை என்பது வெளிப்படை.

கேட்பவர்களின் இயல்பை 1987 இன்னும் துலக்கும். மஸ்டாங்கை முன்சக்கர இயக்கத்துக்கு மாற்றி, ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தோடு சேர்ந்து செய்யப்போகிறார்கள் என்று செய்தி கசிந்தது. ஃபோர்டுக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. நிறுவனம் பணிந்தது; அந்தக் காருக்கு 'ப்ரோப்' என்று வேறு பெயர் வைத்துவிட்டுப் பழைய மஸ்டாங்கைத் தொடர்ந்தது. கடிதம் எழுதியவர்கள் வென்றார்கள். வென்ற மஸ்டாங் 1992 மாதிரி ஆண்டில் எண்பதாயிரம்கூட விற்கவில்லை. தபால்தலை வாங்குவதும் கார் வாங்குவதும் வேறுவேறு வருமான வகுப்பினரின் செயல்கள் என்ற முடிவுக்கு நாம் வரவேண்டியிருக்கிறது.

கணிப்பு துல்லியமாகப் பலித்ததே இல்லையா எனின், உண்டு. மறுவடிவம் பெற்ற நான்காம் தலைமுறைக் கார்வெட் 1983 மாதிரியாக வருவதாக இருந்தது. தரம் சரிவராததால் தள்ளிப்போயிற்று. அந்த ஆண்டுக்காகச் செய்த 43 முன்மாதிரிகளில் எதுவும் விற்பனைக்குப் போகவில்லை. மிஞ்சிய ஒரே ஒரு வெள்ளைக் கார் கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனில் உள்ள கார்வெட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1983 மாதிரியின் விற்பனை பூஜ்யம். பிழைக்கு இடமே இல்லை.

மறுவடிவம்தான் விற்பனையைத் தூக்குகிறது என்ற அடிப்படைக் கருதுகோளையும் சற்றுச் சொறிந்துபார்க்க வேண்டும். கார்வெட் வரலாற்றில் உச்ச ஆண்டு 1979, 53,807 கார்கள். அது 1968இல் வந்த உருவம். ஏறக்குறைய ஒரு மாமாங்கம் ஆன பழசு. சாதாரண இன்ஜினின் திறன் 195 குதிரைத்திறன்; புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பணிந்து இளைத்திருந்தது. எட்டாம் தலைமுறைக்கோ இன்ஜினையே முன்னாலிருந்து இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் என்னும் பொறியாளர் பல பதிற்றாண்டுகள் கேட்டுக் கேட்டு, உயிரோடிருக்கையில் கிடைக்காத மாற்றம். 2019 ஜூலையில் அறிமுகம். ஆரம்ப விலை 59,995 டாலர். ஆர்டர்கள் குவிந்த நேரத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் 40 நாள். 2020 பிப்ரவரியில் உற்பத்தி தொடங்கியது. மார்ச்சில் கொரோனா ஆலையை மூடியது. 2020 மாதிரி ஆண்டுக்குச் செய்தது 20,368. எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்ற கேள்விக்கு இந்த எண் விடையாகாது. எத்தனை பேருக்குக் கொடுக்க முடிந்தது என்பதற்கே விடை. எந்த வைரஸும் பாஸின் சமன்பாட்டைக் கேட்டு வருவதில்லை.

இந்தச் சங்கடத்தை முழுதாகத் தீர்த்தவர்கள் இத்தாலியின் ஃபெராரிக்காரர்கள். சந்தைக்கு எத்தனை வேண்டுமோ அதில் ஒன்றைக் குறைத்துச் செய்வது அவர்கள் கொள்கை என்பார்கள். 350 பேர் வாங்குவர் என்று மதிப்பிட்டு எஃப்-50 என்னும் காரை 349 செய்தார்கள். கணிப்பு சரியா தவறா என்று சோதிக்கவே வழியில்லாமல் செய்வதுதான் கணிப்புக் கலையின் உச்சம். அந்த 350ஆம் மனிதர் இன்றும் எங்கோ காத்திருக்கிறார் என்று நம்ப வைத்ததில் மற்ற 349 கார்களின் விலையும் ஏறியது.

இவையனைத்தையும் கருதி நாம் முன்வைக்கும் சமன்பாடு: விற்பனை = (ஆஹா × சம்பளம் ÷ விலை × பின்னிருக்கை) + அண்டை வீட்டாரின் வயிற்றெரிச்சல். கார்வெட்டில் பின்னிருக்கை பூஜ்யம் ஆதலால் அடைப்புக்குள் இருப்பது முழுதும் பூஜ்யமாகி, வயிற்றெரிச்சல் ஒன்றே மிஞ்சும். இது கணக்குப் பிழையோ என்று வாசகர் ஐயுறலாம். கார்வெட் வைத்திருப்பவர் அதை வாரத்தில் எத்தனை முறை ஓட்டுகிறார், எத்தனை முறை வாசலில் வைத்துத் துடைக்கிறார் என்பதைக் கவனித்தவருக்கு அந்த ஐயம் எழாது.

மேலாய்வுக்கு ஒரு பரிந்துரை. 2023 மாதிரி ஆண்டில் உற்பத்தியான கார்வெட்டுகள் 53,785. 1979இன் சாதனைக்கு 22 குறைவு. ஆலையால் செய்ய முடிந்தது அவ்வளவுதான், அதில் ஆராய ஒன்றுமில்லை என்பார் சிலர். அவர்கள் ஆய்வு நிதி என்ற ஒன்றைக் கருத்தில் கொள்ளாதவர். அந்த 22 பேர் யார், ஆஹா சொன்னார்களா, சொல்லியும் ஏன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்பதை அவரவர் ஊருக்கே போய் நேரில் விசாரிக்க வேண்டும். பயணத்துக்குத் தக்க ஊர்தி ஒன்றும் நல்கையில் சேர்க்கப்படுமானால் நலம். இருவர் அமர்ந்தால் போதும். குறிப்பேடு வைக்க ஓர் இருக்கை. சிவப்பு நிறமாக இருந்தால் வழியில் தரவு தானாகச் சேரும்.