தினம் ஒரு காட்சி

கதை எழுதக் காட்சி தேடி அலைந்த காலம் மலையேறிவிட்டது. காலை ஆறு மணிக்கு எழுத்துப் பயிற்சிச் செயலி ஒன்று செல்போனில் கிணுகிணுக்கிறது: ‘கணவன், மனைவி, சண்டை. 300 சொற்களில் எழுதுக.’ ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்காகப் படியளப்பதில்லை.

பாவம் அசோகமித்திரன். ஜெமினி ஸ்டூடியோவில் உட்கார்ந்து பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார். சந்தாவும் இல்லை, செயலியும் இல்லை. குழாயில் தண்ணீர் வராததை வைத்தே ஒரு நாவலைத் தேற்ற வேண்டியதாயிற்று.

என் நண்பர் ஆண்டுச் சந்தா கட்டிய எழுத்தாளர். கதவைச் சாத்தி, ஏசி போட்டு, ஹெட்போனில் டீக்கடை இரைச்சல் ஒலிப்பதிவை ஓடவிட்டுத்தான் எழுத உட்காருவார். நிஜ டீக்கடை தெருமுனையிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே கண்ட ஆட்களும் வந்து பேசுவார்கள், கவனம் சிதறும்.

நேற்று அந்தச் சண்டைக் காட்சியில் முதல் வரி பிடிபடுகிற நேரம். மாடி வீட்டில், “சம்பளம் எங்கய்யா?” “உங்கண்ணன் வாங்கின கடனுக்குக் கட்டிட்டேன்டி!” ஒரு எவர்சில்வர் தூக்கு படிப்படியாக உருண்டு நண்பரின் வாசலில் வந்து நின்றது. எவ்வளவுதான் பொறுப்பார்? தூக்கோடு மேலே போய், “கொஞ்சம் மெதுவா சார், எழுதிட்டிருக்கேன்” என்றார். நல்ல மனுஷர்கள், உடனே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறமும் காட்சி வரவில்லை. செயலியே யோசனை சொன்னது: ‘அக்கம்பக்கத்தைக் கவனியுங்கள்.’ எப்படிக் கவனிப்பது என்பது பிரீமியம் சந்தாதாரர்களுக்கு மட்டும். நண்பர் கட்டிவிட்டார்.